சிறுபான்மை என்றொரு சொல்

முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதன் பகுதி எது, விகுதி எது, எவ்வாறு புணர்ந்தது என்று பிரித்துப் பார்ப்பது முதலில் தொழிலாக இருந்து, பின்னர் இயல்பாகவே ஆகிவிட்டது. பத்திரிகைத் தலைப்பு, கடைப் பலகை, மேடை முழக்கம் எதையும் இந்தப் பழக்கம் சும்மா விடுவதில்லை. அவ்வாறு நான் பல ஆண்டுகளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரும் சொல் ஒன்றுண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே அவர்கள் காதில் விழுந்துவிடும் சொல் அது. கல்வி உதவித்தொகைப் படிவத்தில் வரும். தேர்தல் காலச் சுவரொட்டியில் வரும். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசும் பெரியவர்களின் பேச்சிலும் வரும். 'சிறுபான்மை' என்பதே அச்சொல்.

நன்னூல் பயின்றவர்கள் இதனை எளிதில் பிரித்து விடுவார்கள். சிறுமை, பான்மை என்னும் இரண்டும் சேர, 'மை' என்னும் ஈறு கெட்டுச் சிறுபான்மை ஆயிற்று. இதன் உடன்பிறப்பாகிய பெரும்பான்மையிலும் அவ்வாறே பெருமையின் ஈறு கெட்டது. ஆனால் அங்கே மகர மெய் ஒன்று கூடுதலாக வந்து அமர்ந்திருக்கிறது. அப்படி மிகுவதற்கு நன்னூலார் வைத்த பெயர் 'இனமிகல்'. பெரும்பான்மையில் இனம் மிகுந்திருக்கிறது, சிறுபான்மையில் மிகவில்லை! வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஒருமுறை மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "ஐயா, சிறுமை என்றால் இழிவு என்று திருக்குறள் பாடத்தில் சொன்னீர்களே. அப்படியானால் சிறுபான்மையினர் என்பவர்கள் இழிந்தவர்களா?" என்று கேட்டாள். கேட்டவள் நம் பிள்ளை. அவள் குரலில் குறும்பு இல்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பினாள். வகுப்பு அமைதியாயிற்று.

பத்துப்பாட்டை எடுத்துக் காட்டினேன். அதில் சிறுபாணாற்றுப்படையும் உண்டு, பெரும்பாணாற்றுப்படையும் உண்டு. சிறிய யாழை இசைப்போர் சிறுபாணர். பெரிய யாழை இசைப்போர் பெரும்பாணர். சிறுமையும் பெருமையும் அங்கே கருவியின் அளவைச் சொல்ல வந்தவை. கலைஞனின் தரத்தைச் சொல்ல வந்தவையல்ல. முன்னது 269 அடி, பின்னது 500 அடி. இரண்டும் பத்துப்பாட்டில் சரிசமமாகவே வீற்றிருக்கின்றன. "சிறுபான்மை என்பதிலுள்ள சிறுமையும் அளவைப் பற்றியதுதான் அம்மா, பண்பைப் பற்றியதன்று" என்றேன். அவள் அமர்ந்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அமரவில்லை. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் கேட்காமலே அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு வளர்கிறார்களோ என்ற எண்ணம் அன்று முதல் என்னை விடவில்லை.

*

தமிழில் இச்சொல் அரசியலுக்கென்று பிறந்ததன்று. இது இலக்கண உரையாசிரியர்கள் நெடுங்காலம் ஆண்ட சொல். சேனாவரையரையும் நச்சினார்க்கினியரையும் பயின்றவர்கள் இதனை அறிவார்கள். ஒரு விதியை விளக்கிவிட்டு, அது பெரும்பான்மை இவ்வாறு வரும், சிறுபான்மை பிறவாறும் வரும் என்ற போக்கில் எழுதிச் செல்வது உரை மரபு. வழக்கில் குறைவாக வருவது என்பதே அங்கே சிறுபான்மைக்குப் பொருள். குறைவாக வருவதால் அது பிழை என்று அவர்கள் கொள்ளவில்லை.

பிழைக்கு இலக்கணத்தில் வேறு பெயர் உண்டு. அது வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகையில் வழு நேரும் என்பர். வழுவென்று அறிந்தும் ஏதேனும் ஒரு காரணம் பற்றி அதனை ஏற்றுக்கொண்டால் அது வழுவமைதி. பசு வருவதைக் கண்டு, அன்பு மிகுதியால் 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவன் சொன்னால், திணை மாறியது பிழைதான். ஆயினும் அன்பை எண்ணி, போகட்டும் என்று இலக்கணம் விட்டுவிடுகிறது.

வழு தள்ளத்தக்கது. வழுவமைதி, தள்ளத்தக்கதைப் பெருந்தன்மையால் பொறுத்துக்கொள்வது. சிறுபான்மையோ யாருடைய பொறுமையாலும் நிற்பதன்று. அது விதியின் உள்ளேயே நிற்பது.

இந்த வேறுபாட்டை நாட்டு வாழ்வுக்குப் பொருத்திப் பாருங்கள். "உங்களையெல்லாம் நாங்கள் சகித்துக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று ஒருவர் நம்மிடம் சொன்னால், அவர் நம்மை வழுவமைதியாகக் கருதுகிறார். "நம்மை இங்கே இருக்க விட்டிருக்கிறார்களே, அதுவே பெரிது" என்று நம்மவர் ஒருவர் பெருமூச்செறிந்தால் அவரும் அதையேதான் கருதுகிறார். இருவரும் இலக்கணம் அறியாதவர்கள்.

இன்னொன்றையும் இலக்கணம் கற்றுத் தருகிறது. 'கள்' என்னும் பன்மை விகுதியை அஃறிணைப் பெயருக்கு உரியதாகவே தொல்காப்பியர் கூறினார். திருக்குறளில் 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என அது உயர்திணையோடு சேர்ந்து வந்தது; அக்காலத்தில் அது அருகிய வழக்கு. இன்றோ ஆசிரியர்கள், மாணவர்கள், பெரியவர்கள் என்று 'கள்' இல்லாமல் நம்மால் ஒரு கூட்டத்தை விளிக்கவும் முடியாது. அன்று சிறுபான்மை, இன்று பெரும்பான்மை. அச்சொல் குறிப்பது ஒரு பொருளின் பிறவிக் குணத்தையன்று. ஒரு காலத்தில், ஓரிடத்தில், எண்ணிப் பார்த்தபோது கிடைத்த கணக்கை மட்டுமே.

*

இப்போது நாம் ஆள்கின்ற அரசியல் பொருள் 'மைனாரிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லின் வழியே வந்தது. அந்தச் சொல்லுக்கு வீட்டிலேயே ஒரு தம்பி உண்டு, 'மைனர்'. 18 வயது நிரம்பாதவர் மைனர் என்று 1875ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பொதுவாக வரையறுக்கிறது. மைனரின் சொத்தை அவர் தாமே விற்க முடியாது. காப்பாளர் ஒருவர் வேண்டும். ஜமீன் வாரிசு சிறுவனாக இருந்தால் வெள்ளையர் ஆட்சியில் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்ற அமைப்பு ஜமீனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். பாஸ்கர சேதுபதி உரிய வயதடைந்து 1889இல் பொறுப்பேற்கும்வரை இராமநாதபுரம் ஜமீன் அப்படித்தான் நிர்வகிக்கப்பட்டது. வயது வந்ததும் கையில் வந்து சேர்ந்த சொத்தைக் கண்டபடி செலவழித்த இளைஞர்களால், மைனர் என்ற சொல்லுக்கு ஊதாரி என்ற பொருளும் தமிழில் ஏறிற்று. மைனர் சங்கிலியும் மைனர் ஜிப்பாவும் அந்த வழியில் வந்தவை.

இவ்விரண்டு சொற்களும் ஒரே வேரில் பிறந்தவையாதலால், ஒன்றன் நிழல் மற்றொன்றின்மீது விழுந்துவிடுகிறது. மைனாரிட்டி என்றால் காப்பாளர் வேண்டுபவர் என்ற எண்ணம் எப்படியோ புகுந்துவிட்டது. தேர்தல் வந்தால் 'சிறுபான்மை மக்களின் காவலர்' என்று சுவரொட்டி ஒட்டுகிறார்களே, அந்தக் காவலர் என்ற சொல்லைக் கவனியுங்கள். வயது வந்த ஒரு சமுதாயத்துக்குக் காவலர் எதற்கு? துணை வேண்டும், தோழமை வேண்டும், நீதி வேண்டும். காப்பாளர் வேண்டியது மைனருக்குத்தான்.

மைனாரிட்டி என்பதற்கு இன்னொரு பொருளும் நம் காதுக்குப் பழக்கமானது. 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் 234 இடங்களில் 96 இடங்களைப் பெற்ற தி.மு.க., தோழமைக் கட்சிகளின் ஆதரவோடு தமிழகத்தில் ஆட்சி அமைத்தது. அந்த ஐந்தாண்டுக் காலமும் எதிர்த்தரப்பு அதனை 'மைனாரிட்டி அரசு' என்றே அழைத்து வந்தது. அங்கே மைனாரிட்டி என்பது வாக்குக் கணக்கு. 2011இல் தேர்தல் வந்தது; கணக்கு மாறியது; அந்தப் பேச்சும் நின்றது.

வாக்கில் சிறுபான்மையாவது வேறு. பிறப்பிலும் சமயத்திலும் மொழியிலும் சிறுபான்மையாக இருப்பது வேறு. முன்னது அடுத்த தேர்தலில் மாறலாம். பின்னது அப்படி மாறுவதில்லை. எத்தனை முறை கை தூக்கி எண்ணினாலும் அதே கணக்குத்தான் வரும். அதனால்தான் சில உரிமைகளைக் கை தூக்கித் தீர்மானிக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் செய்தவர்கள் முன்னதாகவே எழுதி வைத்தார்கள். இதனை நம் பிள்ளைகளுக்கு நாம் தெளிவாகச் சொல்வதில்லை.

அரசியல் சட்டத்தின் 29, 30ஆம் பிரிவுகள் நம்மில் பலர் பெயரளவில் அறிந்தவை. மொழி, எழுத்து, பண்பாடு ஆகியவற்றைக் காத்துக்கொள்ளும் உரிமையை முன்னது தருகிறது. சமயத்தாலோ மொழியாலோ சிறுபான்மையாக உள்ளவர்கள் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைப் பின்னது தருகிறது. ஆனால் சிறுபான்மை என்றால் யார் என்ற வரையறையை மட்டும் அந்தச் சட்டம் எங்கும் எழுதவில்லை. அதனை எண்ணிப் பார்க்கும் வேலை நீதிமன்றங்களின் தலையில் விழுந்தது. 1958இல் கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில், மாநிலச் சட்டமாயின் அந்த மாநிலத்து மக்கள்தொகையை வைத்தே எண்ண வேண்டும் என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்தது. 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில், நாடெங்கும் பெரும்பான்மையாகிய இந்துக்கள் பஞ்சாபில் சிறுபான்மையினர் என்று ஏற்கப்பட்டது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து, எண்ணும் அலகு மாநிலமே என்று கூறினார்கள்.

மத்திய அரசின் பட்டியலோ நாடு முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டது. 1993இல் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், பார்சிகள் ஆகியோர் அதில் இடம் பெற்றனர். 2014இல் சமணர்கள் சேர்ந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் 17 கோடிக்கு மேல். நூற்றுக்குப் பதினான்கு பேர். தமிழ்நாட்டில் சுமார் 42 லட்சம். நூற்றுக்கு ஆறு பேருக்கும் சற்றுக் குறைவு. இலட்சத்தீவிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல். கொச்சியில் கப்பலேறி அந்தத் தீவில் இறங்கும் முஸ்லிம் ஒருவர், வழியில் தொழுகையை மாற்றவில்லை, பெயரை மாற்றவில்லை. சிறுபான்மையாக ஏறியவர் பெரும்பான்மையாக இறங்குகிறார்!

இங்கே நம் வீடுகளில் நிலவும் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். 'பிற்படுத்தப்பட்டோர்' என்பதும் 'சிறுபான்மையினர்' என்பதும் ஒன்றல்ல. முன்னது கல்வியிலும் சமூக நிலையிலும் பின்தங்கியமையைக் குறிப்பது. பின்னது எண்ணிக்கையைக் குறிப்பது. 2007இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டினுள் முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்ட 3.5 விழுக்காடு, லெப்பை, தக்கினி, மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா, சையது, ஷேக் என்னும் பிரிவினரின் பின்தங்கிய நிலையைக் கருதித் தரப்பட்டது. "உங்களுக்கென்ன பாய், சிறுபான்மை, சர்க்கார் சலுகை தருகிறது" என்று பக்கத்து வீட்டு நண்பர் சொல்லும்போது, இந்த வேறுபாட்டை விளக்க நமக்கே தெரியாமல் வாயடைத்து நிற்கிறோம். 30ஆம் பிரிவு தருவது சலுகையன்று. நம் சொந்தப் பணத்தில், நம் வக்ஃபு நிலத்தில் பள்ளிக்கூடம் கட்டி நடத்தும் உரிமை. சலுகை என்பது வழுவமைதியின் சொல்.

*

அரசியல் நிர்ணய சபையில் இச்சொல்லைச் சுற்றி நடந்த விவாதத்தைப் படிக்கும்போது வியப்பு ஏற்படும். 1949 மே மாதம், சட்டமன்றங்களில் சமயச் சிறுபான்மையினருக்கு இடம் ஒதுக்கும் ஏற்பாடு கைவிடப்பட்டது. அப்போது சென்னை மாகாணத்திலிருந்து சென்றிருந்த கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிபு, தனித்தொகுதி வேண்டும் என்று உறுதியுடன் வாதாடினார். ஐக்கிய மாகாணத்தைச் சேர்ந்த பேகம் ஐஜாஸ் ரசூல் அம்மையாரோ, அத்தகைய ஒதுக்கீடே வேண்டாம் என்று அதே உறுதியுடன் வாதாடினார். இருவரும் முஸ்லிம்கள், இருவரும் சமுதாயத்தின் நலன் நாடியவர்கள். ஒரு சிறுபான்மைக்கு ஒரே வாய், ஒரே கருத்துத்தான் இருக்கும் என்று எண்ணுபவர்கள் இதனைப் படிக்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தது. மொழியின் பழமையைப் பேசுவதானால் இந்த மண்ணின் பழைய மொழிகள் தமிழும் அதன் இன மொழிகளுமே என்று இஸ்மாயில் சாகிபு அங்கே எடுத்துரைத்தார். மே மாதம் சிறுபான்மைச் சமயத்தவராகப் பேசியவர், செப்டம்பரில் தமிழராகப் பேசினார். ஆள் ஒருவரே. எண்ணும் அளவுகோல் மாறியது.

இந்த அளவுகோல் மாற்றத்தை நானே நேரில் கண்டிருக்கிறேன். 1968இல் வேலை தேடி பம்பாய் சென்று, தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்த என் சாச்சாவின் வீட்டில் சில மாதங்கள் தங்கினேன். தென்னாட்டவர் வந்து வேலைகளைப் பறித்துக்கொள்கிறார்கள் என்ற கூச்சல் எழுந்திருந்த காலம். லுங்கி கட்டியவனைக் கண்டால் முறைப்பார்கள். சாச்சாவின் வாசலுக்கு எதிர்வாசலில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் குடியிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசுவார். இரவில் சந்துக்கு வெளியே சத்தம் கேட்டால் இருவரும் ஒரே கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து விடியும்வரை விழித்திருப்பார்கள். ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஊர்ல நீரு வேற, நான் வேற. இங்கன ரெண்டு பேரும் ஒரே சாதிதாம்வே பாய், மதராசி!"

அந்தத் தெருவில் கோடு மொழியால் கிழிக்கப்பட்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் இருந்தோம். ஊர் திரும்பியபோது கோடு வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. தமிழ் பேசும் நாம் தமிழ்நாட்டில் மொழியால் பெரும்பான்மை, சமயத்தால் சிறுபான்மை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் நம் சகோதரர்கள் இரண்டாலும் சிறுபான்மை. 1907இல் சென்னையில் நூறு பேரின் கேள்விகளை ஒருங்கே மனத்தில் ஏற்று விடையளித்துச் சதாவதானி என்று பெயர் பெற்றாரே கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர், அந்த அவையில் அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்து, கம்பனில் தோய்ந்து எழுதிய மு.மு. இஸ்மாயில் அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

*

இப்படிச் சொல்வதால், அச்சொல்லின் பின்னே துன்பமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலை மாற்றலில் ஒரு நகரத்துக்குச் சென்றபோது, வீடு வாடகைக்கு உண்டென்ற பலகையைப் பார்த்து உள்ளே போனேன். அறைகளைக் காட்டினார்கள், முன்பணம் பேசினோம், பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். "அடடா, காலையிலேயே ஒருவர் சொல்லிவிட்டுப் போனாரே" என்றார் வீட்டுக்காரர். மறுவாரமும் அந்தப் பலகை அங்கேயே தொங்கியது. கணக்கில் குறைந்தவன் இப்படிச் சில கதவுகளில் நின்றுதான் தீர வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளும் நிற்பார்கள். அதை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் தீங்கு.

ஆனால் அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. பான்மை என்ற சொல் மனப்பான்மையிலும் இருக்கிறது அல்லவா? சிறுபான்மை கணக்காக இருக்கும்வரை கவலையில்லை. அது மனப்பான்மையாகிவிட்டால் பிறகு கதவை அடைக்க வெளியார் யாரும் வேண்டியதில்லை.

என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். படிப்பில் முதல், பேச்சில் வல்லவன், எல்லாரும் அவன்மீது பிரியம் வைத்திருந்தார்கள். மாணவர் தலைவர் தேர்தலுக்கு நிற்கும்படி சொன்னேன். "வேண்டாம் ஐயா, நாம சிறுபான்மை. நமக்கு எதுக்கு வம்பு?" என்றான். பதினைந்து வயது. அந்த வாசகம் அவனுடையதன்று. வீட்டில் பெரியவர்கள் அன்றாடம் சொல்லி அவன் நாவில் படிந்தது. மறுநாள் வகுப்பில் இடக்கையால் எழுதுபவர்களை எழுந்து நிற்கச் சொன்னேன், மூவர் நின்றார்கள். ஆற்றுக்கு அப்பாலிருந்து வருபவர்களை நிற்கச் சொன்னேன். வீட்டில் தெலுங்கு பேசுபவர்களை, தந்தை இல்லாதவர்களை, கணக்கில் நூறு வாங்கியவர்களை நிற்கச் சொன்னேன். ஏழெட்டுக் கேள்விக்குள் அந்த வகுப்பில் ஒருமுறையேனும் எழுந்து நில்லாதவர் யாருமில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தேர்தலில் நின்றான், தோற்றான். எதிர்த்து நின்றவன் கபடிக் குழுவின் தலைவன். அந்த ஆண்டுதான் கோப்பை வாங்கியிருந்தான். அவனை யார் நின்றாலும் வென்றிருக்க முடியாது. தோற்ற மாலையில் என்னிடம் வந்து, "பதினொரு ஓட்டுலதான் போச்சு ஐயா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு நிறைவாக இருந்தது. வாக்கில் சிறுபான்மையானவன் அடுத்த முறை நிற்கலாம் என்று எண்ணுகிறான். மனத்தில் சிறுபான்மையானவன் முதல்முறையே நிற்பதில்லை.

*

இச்சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிறுபான்மையாக இருப்பதே ஒருவரை நல்லவராக்கிவிடுவதில்லை. இலங்கையில் தமிழர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள்; அதனால் அவர்கள் பட்ட துன்பம் உலகறிந்தது. அந்தத் துன்பத்தின் பெயரால் ஆயுதமேந்திய விடுதலைப் புலிகள், 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து தமிழ் பேசும் முஸ்லிம்களை முழுவதுமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். எழுபதாயிரம் பேர் அளவில் வீடிழந்தார்கள். நாட்டளவில் சிறுபான்மையாக இருந்தோர், தாம் பெரும்பான்மையாக இருந்த நிலத்தில் தம்மினும் சிறிய ஒரு தொகுதியைக் கண்டபோது நடந்தது அது. அதைத் தவறென்று பின்னர் எழுதியும் பேசியும் வருந்திய தமிழர்களும் உண்டு.

ஆகவே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றிருக்கிறது. நாம் பெரும்பான்மையாக இருக்கும் தெருவில், ஊரில், ஜமாஅத்தில் நம்மினும் குறைந்தவர்களை எப்படி நடத்துகிறோம்? நம் ஊரில் நான்கு வீடே உள்ள பிற சமயத்தவர், மஹல்லாவில் வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவர், பொதுக்குழுவில் தனியாக எதிர்க்கருத்துச் சொல்பவர் ஆகியோர் நம் கணக்கில் வழுவா, வழுவமைதியா, சிறுபான்மையா?

இதற்கு விடை எனக்கு ஏட்டில் கிடைக்கவில்லை, அடுப்படியில் கிடைத்தது. நாங்கள் ஹனஃபி மத்ஹபினர். என் துணைவியார் கடற்கரை ஊர், ஷாஃபிஈ மத்ஹபு. கடலில் வாழ்வனவற்றில் மீன் மட்டுமே எங்களுக்கு ஆகும், நண்டு ஆகாது. அவர்களுக்கு நண்டும் ஆகும். மணமாகி வந்த சில மாதங்களில் அவருடைய தாய்வீட்டிலிருந்து நண்டு வந்தது. என்ன செய்வதென்று அறியாமல் அவர் அதை அடுக்களை மூலையில் வைத்துவிட்டுத் திகைத்து நின்றார். ஒரு வீட்டில் அவர் ஒருவரே சிறுபான்மை. என் உம்மா பார்த்தார்கள். கடைக்குப் போய்ப் புது மண்சட்டி ஒன்று வாங்கி வரும்படி என்னை அனுப்பினார்கள். "அவ மதுஹபுல அது ஆகும்லா. அவளுக்குன்னு ஒரு சட்டி கெடக்கட்டும்" என்றார்கள். உம்மா ஒரு நாளும் அந்தச் சட்டியைத் தொட்டதில்லை. அதன் குழம்பைச் சுவைத்ததில்லை. அது வேண்டாம் என்று சொன்னதுமில்லை. 'போகட்டும், சின்னப் பெண்' என்று பொறுத்துக்கொண்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டும் சரி என்பதில் அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை. உரையாசிரியர்கள் எழுதிய 'சிறுபான்மை பிறவாறும் வரும்' என்பதன் பொருளை, எழுதப் படிக்கத் தெரியாத என் உம்மா அறிந்திருந்தார்கள்.

நான் வேண்டுவது இவ்வளவே. அந்தச் சொல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உரிமை கேட்கும் இடத்தில் அது வேண்டும். ஆனால் யார் அதைச் சொன்னாலும், எங்கே எண்ணினீர்கள், எதை வைத்து எண்ணினீர்கள், எதற்காக எண்ணினீர்கள் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். ஒதுங்கிக்கொள்வதற்கு ஒரு சாக்காக அதை அவர்கள் முன்னிலையில் சொல்லாமல் இருப்போம். உதவித்தொகை விண்ணப்பத்தில் 'சிறுபான்மையினரா?' என்று கேட்கும் கட்டத்தில் 'ஆம்' என்று திருத்தமாக எழுதட்டும். அதே தாளில் சற்று மேலேயோ கீழேயோ 'தாய்மொழி' என்றும் ஒரு கட்டம் இருக்கும். அங்கே 'தமிழ்' என்று எழுதும்போதும் எழுத்து அதே அளவில் இருக்கட்டும்.